வாசிப்புரிமையும் அரசும்: எகிப்தின் மதச்சார்பின்மை – அடிப்படைவாத விவாதத்தில் இலக்கியத் திறனாய்வின் இடம்

முன்னுரை

முஸ்லிம் நாடுகளின் அண்மைக்கால அரசியலை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் இரு கட்சிகளைக் கொண்ட ஒரு வரைபடத்தை முன்வைக்கின்றனர். ஒருபுறம் மதத்தைப் பொதுவாழ்விலிருந்து விலக்க முயலும் நவீன அரசு. மறுபுறம் அவ்வரசைக் கைப்பற்றி மதச்சட்டத்தை நிலைநாட்ட முயலும் அடிப்படைவாத இயக்கம். ஒன்று வலுப்பெற்றால் மற்றது தளரும் என்பது இவ்வரைபடத்தின் கணக்கு. எகிப்தின் வரலாறு இக்கணக்குக்கு அடங்குவதாயில்லை. 1927ஆம் ஆண்டில், மதத்தை இழிவுபடுத்தினார் என்னும் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஓர் அரபு இலக்கியப் பேராசிரியரை அந்நாட்டு அரசு வழக்குரைஞர் விசாரித்து, குற்றமில்லை என்று விடுவித்தார். 1995ஆம் ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தில் அதே அரபு இலக்கியத்தைக் கற்பித்த இன்னொரு பேராசிரியரை மதத்தைக் கைவிட்டவர் என அறிவித்து, அவருடைய திருமணத்தையும் முறித்தது அந்நாட்டு நீதிமன்றம். இடைப்பட்ட 68 ஆண்டுகளில் எகிப்தின் ஆட்சி எந்த மத இயக்கத்தின் கைக்கும் சென்றதில்லை. மன்னரும் படைத்தலைவர்களும் குடியரசுத் தலைவர்களுமே ஆண்டனர். அவ்வாறாயின் அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவைத் தேர்தல்கள், கட்சிகள், படுகொலைகள் ஆகியவற்றின் வழியே அணுகுவது வழக்கம். இக்கட்டுரை நூல்களின் வழியே அணுகுகிறது. காரணம், எகிப்தின் இவ்விவாதத்தில் முன்னணியில் நின்றோர் பலரும் இலக்கியத் திறனாய்வாளர்கள் என்பதாகும். தாஹா ஹுசைன் பழைய அரபுக் கவிதையின் ஆய்வாளர். அடிப்படைவாதச் சிந்தனையின் தலைமைக் கோட்பாட்டாளராகப் பின்னர் அறியப்பட்ட சையித் குதுப், தம் வாழ்வின் முற்பகுதியில் கவிஞர், நாவல் திறனாய்வாளர். நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் பனுவல் கோட்பாட்டாளர். நீதிபதியாயிருந்த அலீ அப்துர் ராஸிக்கும் நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸும் இவ்வரிசையின் இடையிணைப்புகள். இவர்கள் அனைவரையும் பிணைக்கும் கேள்வி ஒன்றே: ஒரு பனுவலை எவ்வாறு வாசிப்பது, அவ்வாறு வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வுரிமையை ஆய்வாளரிடமும் பொதுமக்களிடமும் விட்டுவிடாமல் அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அடிப்படைவாதம் அரசைக் கைப்பற்றாமலேயே அரசின் வழியாகச் செயற்பட இயன்றமைக்கு அதுவே காரணம் என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. சொற்களும் அவை மறைப்பனவும்

தமிழில் நாம் வழங்கும் ‘அடிப்படைவாதம்’, ‘மதச்சார்பின்மை’ ஆகிய இரு சொற்களும் பெயர்த்தமைத்த சொற்கள். முன்னது சுட்டும் கருத்து அமெரிக்கப் புரோட்டஸ்டண்டுகளிடையே பிறந்தது. 1910 முதல் 1915 வரை அங்கே வெளியிடப்பட்ட, சமயத்தின் ‘அடிப்படைகள்’ என்னும் தலைப்பிலான கட்டுரைத் தொகுதிகளிலிருந்து அப்பெயர் கிளைத்தது. அரபு மொழியும் அதனைப் பெயர்த்தே ‘உசூலிய்யா’ என்று அமைத்துக்கொண்டது. ஆனால் அரபில் ‘உசூல்’ என்பது பழிச்சொல் அன்று. வேர்கள், மூலங்கள் என்று பொருள்படும் அச்சொல், இஸ்லாமியச் சட்டவியலின் மிக நுட்பமான அறிவுத்துறையாகிய ‘உசூலுல் ஃபிக்ஹ்’ என்பதன் பெயரிலேயே உள்ளது. மூலங்களிலிருந்து சட்டத்தை எவ்வாறு பெறுவது என்று ஆயும் துறை அது. எனவே ‘அடிப்படை’யை நாடுதல் என்பதை மட்டும் கொண்டு ஒருவரை அடிப்படைவாதி என்று வகைப்படுத்துதல் இயலாது. பின்னே காணப்போகும் அப்துர் ராஸிக்கின் நூல் தலைப்பிலும், குதுப் எழுதிய இலக்கியத் திறனாய்வு நூலின் தலைப்பிலும் இதே ‘உசூல்’ என்னும் சொல் இடம்பெறுவது கருதத்தக்கது.

‘மதச்சார்பின்மை’ என்னும் சொல்லோ, அரசு எம்மதத்தின் பக்கமும் சாயாதிருத்தல் என்னும் பொருளைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. அரபின் ‘அல்மானிய்யா’ என்னும் சொல் உலகம் எனப் பொருள்படும் ‘ஆலம்’ என்பதிலிருந்து பெறப்பட்டது என்பர். அறிவு எனப் பொருள்படும் ‘இல்ம்’ என்பதோடு தொடர்புபடுத்தி ‘இல்மானிய்யா’ என ஒலிப்பாரும் உளர். இரண்டிலும் ‘சாராமை’ என்னும் கருத்து இல்லை. துருக்கியின் நிலை இன்னும் வேறானது. 1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றம் கிலாஃபத் பதவியை ஒழித்தது. அதே நாளில் சமய அலுவல்களை நடத்துவதற்கான அரசுத் துறையையும் நிறுவியது. பள்ளிவாசல்களின் இமாம்களை ஆளும் பொறுப்பு அரசுக்கு வந்தது. 1932 முதல் 1950 வரை தொழுகை அழைப்பே அரபில் அன்றித் துருக்கி மொழியில் ஒலிக்கவேண்டும் என்றிருந்தது. மதத்தின்பால் சாயாத அரசு என்று இதனைச் சொல்லுதல் அரிது. மதத்தைத் தன் துறைகளுள் ஒன்றாக்கிக்கொண்ட அரசு என்பதே பொருந்தும். எகிப்து வேறொரு பாதையில் சென்று ஏறத்தாழ இதே இடத்தை அடைந்தது. அப்பாதையைத் தமிழின் ‘மதச்சார்பின்மை’ என்னும் சொல் காட்டுவதற்குப் பதில் மறைக்கிறது.

2. 1925: மூலங்களுக்குத் திரும்பிய நீதிபதி

கிலாஃபத் ஒழிந்த மறு ஆண்டில், மன்சூரா நகரின் ஷரீஅத் நீதிமன்ற நீதிபதியும் அல் அஸ்ஹர் கல்விநிலையத்தில் பயின்ற ஆலிமுமாகிய அலீ அப்துர் ராஸிக், ‘இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். கிலாஃபத்தைக் கட்டாயக் கடமையாக்கும் சான்று குர்ஆனிலும் இல்லை, நபிமொழியிலும் இல்லை என்பது அவர் வாதம். நபிகள் இறைத்தூதர், அரசர் அல்லர். கிலாஃபத் வரலாற்றில் வாளின் வலிமையால் நிலைத்த நிறுவனம். ஆகவே தமக்கேற்ற ஆட்சிமுறையைப் பகுத்தறிவும் பட்டறிவும் கொண்டு அமைத்துக்கொள்ள முஸ்லிம்கள் உரிமையுடையோர் என்று அவர் முடித்தார்.

இந்நூலின் வாதமுறை கூர்ந்து நோக்கற்குரியது. ஐரோப்பிய அரசியல் தத்துவத்தைக் கொண்டு இஸ்லாத்தை அளக்கும் நூல் அன்று இது. இடைக்காலச் சட்டவல்லுநர்களின் முடிவுகளைத் தாண்டி, நேரே மூலங்களுக்குச் சென்று, அங்கே இச்செய்தி இல்லை என்று காட்டும் நூல். அதாவது, பிற்கால அடிப்படைவாதிகள் மேற்கொண்ட அதே ‘மூலத்துக்குத் திரும்புதல்’ இங்கே மதத்தையும் ஆட்சியையும் பிரிப்பதற்குப் பயன்பட்டது. நூலுக்குக் குறைகளும் உண்டு. மதீனாவில் நபிகள் போரும் உடன்படிக்கையும் வரிதண்டலும் நடத்தினார் என்னும் வலுவான எதிர்வாதத்துக்கு, அவை சமயப் பணிக்குத் துணையானவையே என்று அவர் தரும் விடை சுருக்கமானது. முழு நிறைவு தருவதன்று. அக்குறையை விரிவாக எழுதி மறுத்தோர் பலர். அவ்வளவில் நின்றிருந்தால் அது அறிவுலக விவாதமாக அமைந்திருக்கும்.

ஆனால் கிலாஃபத் பதவியின்மேல் எகிப்திய மன்னர் ஃபுஆதுக்கு நாட்டம் இருந்தது. 1925 ஆகஸ்டில் அல் அஸ்ஹரின் மூத்த அறிஞர் பேரவை ஆசிரியரை விசாரித்து, ஆலிம்களின் வரிசையிலிருந்து நீக்கியது. அந்நீக்கத்தின் சட்ட விளைவாக அவர் நீதிபதிப் பதவியையும் இழக்கவேண்டியிருந்தது. அதனை நிறைவேற்றத் தயங்கிய நீதியமைச்சர் அப்துல் அஸீஸ் ஃபஹ்மி பதவி நீக்கப்பட்டார். அவர் கட்சியைச் சார்ந்த அமைச்சர்கள் வெளியேறினர். கூட்டணி அமைச்சரவை உடைந்தது. 1926 மே மாதத்தில் கெய்ரோவில் கூடிய கிலாஃபத் மாநாடு முடிவெதுவும் எட்டாமல் கலைந்தது. மன்னரின் நாட்டம் ஈடேறவில்லை. ஒரு நூலைக் கண்டிக்கும் மத அவையின் முடிவை அரசு அலுவலகம் நிறைவேற்றித்தரும் என்னும் முன்மாதிரி மட்டும் நிலைத்தது.

3. 1926–27: ஐயுறும் உரிமை

அடுத்த ஆண்டு தாஹா ஹுசைனின் ‘ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி’ வெளிவந்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்து, அல் அஸ்ஹரிலும் பின்னர் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும் பாரிஸிலும் கற்றவர் அவர். டேக்கார்ட் காட்டிய ஐயுறவு முறையைக் கையாண்டு, இஸ்லாத்துக்கு முற்பட்டதாகக் கொள்ளப்படும் அரபுக் கவிதைகளுள் மிகப் பெரும்பகுதி பிற்காலத்தில் புனையப்பட்டது என்றார். வட அரேபியாவும் தென் அரேபியாவும் வெவ்வேறு மொழிவழக்குகளைக் கொண்டிருக்க, அவ்விரு பகுதிக் கவிஞர்கள் பெயரிலும் உள்ள பாடல்கள் ஒரே மொழியில் அமைந்திருப்பது எவ்வாறு என்பது அவருடைய முதன்மையான வினா. இடையே, இப்ராஹீமும் இஸ்மாயீலும் வேதநூல்களிற் குறிக்கப்பெறுவது மட்டும் அவர்களுடைய வரலாற்று இருப்பை நிறுவப் போதாது என்றும் எழுதினார். எதிர்ப்பு பெரிதும் இக்கருத்தின்மேல் திரண்டது.

முறையீடுகளை விசாரித்த அரசு வழக்குரைஞர் முஹம்மது நூர், 1927 மார்ச்சில் தம் முடிவை வெளியிட்டார். அந்த ஆவணம் அரபுத் திறனாய்வு வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது. அவர் நூலைப் படித்தார். ஆசிரியர் காட்டிய சான்றுகளைத் தனித்தனியே சோதித்தார். பல இடங்களில் ஆசிரியரின் வாதம் வலுவற்றது என்றும், சான்றை மிஞ்சிய முடிவு என்றும் கடிந்துரைத்தார். ஆயினும் ஆசிரியரின் நோக்கம் ஆய்வே அன்றி மதத்தை இழித்தல் அன்று. குற்றமனம் இல்லாவிடத்துக் குற்றமும் இல்லை என்று கோப்பை மூடினார். ‘நீர் பிழைபட்டீர்’ என்பதும் ‘நீர் குற்றவாளி’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்னும் தெளிவு அங்கே இருந்தது. 1923ஆம் ஆண்டு அரசமைப்பு இஸ்லாத்தை அரசு மதமாக அறிவித்திருந்தது. நம்பிக்கைச் சுதந்திரத்தையும் முழுமையானதாக உரைத்தது. அரசு மதம் ஒன்று இருந்த நாட்டிலேயே இவ்விடுதலை நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. ஆசிரியர் சர்ச்சைக்குரிய பகுதியை நீக்கி, நூலை விரிவாக்கி, 1927இல் வேறு தலைப்பில் வெளியிட்டார். பிற்காலத்தில் கல்வியமைச்சராகவும் ஆனார்.

தாஹா ஹுசைனின் இலக்கிய முடிவு என்ன ஆயிற்று என்பதையும் காணவேண்டும். வாய்மொழிக் கவிதை பற்றிய கோட்பாடு 1970களில் அரபுப் பழங்கவிதைக்குப் பொருத்தப்பட்டபோது, கவிதைக்கெனக் குழுக்களைக் கடந்த பொதுமொழி ஒன்று இருந்திருத்தல் இயல்பே என்றும், பாடல்களின் வாய்ப்பாட்டுத் தொடர்கள் மோசடியின் அடையாளம் அன்று, வாய்மொழி மரபின் அடையாளம் என்றும் வாதிக்கப்பட்டது. தமிழாய்வாளர்க்கு இது அறிமுகமான வழி. இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலில் இதே கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். அவருடைய முடிவுகளும் பின்வந்த ஆய்வாளர்களால் மறுக்கவும் திருத்தவும்பட்டன. ஆய்வின் பிழையை ஆய்வே திருத்தும். தாஹா ஹுசைனின் மிகைக்கூற்றைத் திருத்தியதும் பிற்காலத் திறனாய்வே. முறையீட்டாளர்கள் அதற்கு ஆற்றிய பங்கு எதுவுமில்லை.

4. காலப்பெயர் குற்றச்சாட்டாதல்

தாஹா ஹுசைனின் நூலில் ‘ஜாஹிலிய்யா’ என்பது ஓர் இலக்கியக் காலத்தின் பெயர். தமிழ் முஸ்லிம்கள் ‘அறியாமைக் காலம்’ என்று பெயர்த்து வழங்கும் சொல் அது. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குள் அச்சொல் எகிப்தில் முற்றிலும் வேறு பணியை ஏற்றது. அப்பணியை அதற்கு அளித்தவரும் ஓர் இலக்கியத் திறனாய்வாளரே.

சையித் குதுப் கல்வித்துறை அலுவலர், கவிஞர். நஜீப் மஹ்ஃபூஸின் தொடக்ககால நாவல்களைக் கவனித்துப் பாராட்டி எழுதிய முதற்சில திறனாய்வாளர்களுள் ஒருவர். 1945இல் அவர் வெளியிட்ட ‘குர்ஆனில் கலைச்சித்திரிப்பு’ என்னும் நூல், வேதநூலின் உருவகம், ஓசை, காட்சியமைப்பு ஆகியவற்றை ஓர் இலக்கியச் சுவைஞரின் கண்கொண்டு நோக்கியது. 1948 முதல் 1950 வரை அமெரிக்காவில் தங்கித் திரும்பியபின் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பிற் சேர்ந்தார். 1954இல் நாஸர் ஆட்சி அவ்வமைப்பை ஒடுக்கியபோது சிறைப்பட்டார். சிறைக்காலத்திற் கருக்கொண்டு 1964இல் வெளிவந்த ‘வழித்தடக் குறிகள்’ என்னும் நூலில், ஜாஹிலிய்யா கடந்த காலம் அன்று, முஸ்லிம் சமூகங்கள் உட்பட இன்றைய உலகம் முழுவதையும் சூழ்ந்துள்ள நிலை என்றார். இக்கருத்தின் ஒரு வேர் இந்தியாவில் தோன்றிய மௌதூதியின் எழுத்துகளில் உண்டு. அதற்குச் சிறையின் கடுமையைச் சேர்த்தவர் குதுப். 1966 ஆகஸ்டில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஒரு காலப்பெயர் இவ்வாறு நிகழ்காலத்தின்மேல் சாட்டப்படும் குற்றமாக மாறுவது பொருண்மையியல் மாற்றம் மட்டுமன்று. வாசிப்பின் மாற்றமும் ஆகும். முந்தைய நூலில் குர்ஆன் உணர்ந்து துய்க்கவேண்டிய பனுவல். பிந்தைய நூலில் அது போர்க்களத்து வீரன் பெறும் அன்றாட ஆணையைப்போல், பெற்றவுடன் நிறைவேற்றவேண்டிய கட்டளை. விளக்கத்துக்கும் தயக்கத்துக்கும் அங்கே இடமில்லை. அடிப்படைவாதம் என்பதற்கு ஓர் இலக்கணம் கூற வேண்டின், மூலத்துக்குத் திரும்புதல் என்பதைவிட, மூலத்தின்மேல் ஒரேயொரு வாசிப்பை மட்டும் நிறுத்தி, அது வாசிப்பு என்பதையே மறுத்தல் என்று கூறுவது பொருத்தம். குதுபைத் தூக்கிலிட்ட அரசு அவர் வாசிப்போடு வாதிடவில்லை, வாசகரை அழித்தது. அதனால் அவ்வாசிப்பு உயிரிழப்பின் பெருமையையும் சேர்த்துக்கொண்டு பரவியது. மதச்சார்பற்ற நவீன அரசு என்று போற்றப்பட்ட ஆட்சியின் சிறைக்கூடத்துக்கு இதிற் பங்குண்டு.

5. அரசுடைமையான மதம்

நாஸர் ஆட்சி மத நிறுவனங்களைத் தனித்து விடவில்லை, தன்வயமாக்கியது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஷரீஅத் நீதிமன்றங்களையும் பிற சமயத்தாரின் சமுதாய நீதிமன்றங்களையும் ஒழித்தது. முதல் நோக்கில் இது மதச்சார்பின்மையின் வெற்றி. ஆனால் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றுக்கான சமயச் சட்டம் ஒழியவில்லை. பொது நீதிமன்றத்தின் கைக்கு மாறியது. எழுத்துச் சட்டம் மௌனமாயிருக்கும் இடத்து, அபூ ஹனீஃபா மரபின் வலுவான கருத்தைப் பின்பற்றவேண்டும் என்னும் 1931ஆம் ஆண்டு விதி அப்படியே நீடித்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அல் அஸ்ஹரை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. அரசின் கொள்கைக்கேற்ப மார்க்கத் தீர்ப்பளிக்கும் நிறுவனம் ஒன்று உருவாயிற்று. அதற்கு ஈடாக, நூல்களின்மேல் அதன் சொல்லுக்கு அரசு செவிசாய்த்தது.

அந்த ஏற்பாட்டின் இயக்கத்தை மஹ்ஃபூஸின் ‘நம் தெருவின் பிள்ளைகள்’ நாவல் அடைந்த நிலையிற் காணலாம். 1959 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வந்த கதை அது. ஒரு கெய்ரோத் தெரு. அதன் ஓரத்தில் மூதாதை ஜபலாவியின் மாளிகை. தெருவார் அனைவருக்கும் உரிய வக்ஃபுச் சொத்து. அதனை விழுங்கும் மேற்பார்வையாளரும் அவருடைய அடியாட்களும். தலைமுறைதோறும் ஒருவர் எழுந்து சொத்தைப் பங்கிட்டுத் தருகிறார். தலைமுறைதோறும் அது மீண்டும் பறிபோகிறது. இறுதியில் வரும் அரஃபா, மந்திர வித்தையைக் கைக்கொண்டவர், அறிவியலின் உருவகம். அவர் செயலால் மூதாதை இறக்கிறார். அவர் அறிவோ மேற்பார்வையாளரின் கருவியாகிறது.

சமய எதிர்ப்பாளர்கள் தூதர்களும் இறைவனும் மனிதராக உருவகிக்கப்பட்டதை மட்டுமே கண்டனர். நாவலின் கதைப்போக்கு அதற்கப்பால் செல்கிறது. அது இடைவிடாது கேட்பது இறைவன் உண்டா என்னும் கேள்வியை அன்று. பொதுச்சொத்தின் பொறுப்பாளர் அதனைத் தமதாக்கிக்கொள்வது எப்படி என்னும் கேள்வியை. வக்ஃபு என்பதை மதம் என்று கொண்டாலும் நாடு என்று கொண்டாலும் அக்கேள்வி அன்றைய ஆட்சியாளரையே நோக்கியது. முறையான தீர்ப்போ தடைச்சட்டமோ இன்றி, ஆட்சியாளரின் பிரதிநிதியோடு எட்டிய உடன்பாட்டின்படி, நூல் எகிப்தில் அச்சாகவில்லை. அல் அஸ்ஹரின் எதிர்ப்பும் அரசின் வசதியும் அங்கே ஒன்றுபட்டன. 1967இல் பெய்ரூத்தில் நூலாயிற்று. மஹ்ஃபூஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றபின் பழைய கண்டனம் மீண்டும் எழுந்தது. 1994 அக்டோபர் 14 அன்று, 82 வயதான அவரை ஓர் இளைஞன் கழுத்தில் குத்தினான். அவன் அந்நாவலைப் படித்ததில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. எழுதும் வலக்கை செயற்றிறன் குன்றியது. அரசு குற்றவாளிகளைத் தூக்கிலிட்டது. நூலின் மீதிருந்த எழுதாத் தடையை நீக்கவில்லை. ஆசிரியர் மறைந்த 2006ஆம் ஆண்டின் இறுதியிலேயே அது எகிப்தில் நூலாக வெளிவந்தது.

6. 1995: பனுவலும் திருமணமும்

1971ஆம் ஆண்டு அரசமைப்பு ஷரீஅத்தின் கோட்பாடுகளைச் சட்டத்துக்கு ஒரு முதன்மை மூலம் என்றது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் அதுவே முதன்மை மூலம் என்றாக்கியது. இடதுசாரிகளுக்கு எதிராக மத உணர்வைத் தூண்டிய சாதாத்தின் ஆட்சி செய்த மாற்றம் இது. இச்சூழலில், கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் அரபுத் துறையில் பணியாற்றிய நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், 1992இல் பேராசிரியர் பதவி உயர்வுக்குத் தம் நூல்களை முன்வைத்தார்.

அவருடைய ‘பனுவல் என்னும் கருத்து’ (1990) கூறுவது இது: குர்ஆனின் தோற்றுவாய் இறைவன் என்பது நம்பிக்கை; ஆனால் அது மனித மொழியில், குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலில் வெளிப்பட்டது; எனவே மொழியியலும் இலக்கியத் திறனாய்வும் அதனை அணுகும் உரிய கருவிகள். ‘மதச் சொல்லாடல் பற்றிய திறனாய்வு’ (1992) இன்னும் கூர்மையானது. மதம் வேறு, மதம் பற்றிய சிந்தனை வேறு என்று அது பிரித்தது. மிதவாதிகள் என்போர்க்கும் தீவிரவாதிகள் என்போர்க்கும் இடையே அளவில் வேறுபாடு உண்டே அன்றித் தன்மையில் இல்லை. இரு சாராரும் தம் விளக்கத்தையே மதம் என்று முன்வைக்கின்றனர் என்றது. 1980களில் மார்க்கத்தின் பெயரால் மக்களின் சேமிப்பைத் திரட்டிப் பின் சரிந்த முதலீட்டு நிறுவனங்களையும், அவற்றுக்குத் துணைநின்ற மதச் சொல்லாடலையும் கண்டித்தது. அரசின் தொலைக்காட்சியில் ஒலித்த மதக்குரலும் இத்திறனாய்வுக்குத் தப்பவில்லை.

மதிப்பீட்டாளர் ஒருவரின் எதிர்ப்பறிக்கையை ஏற்றுப் பல்கலைக்கழகம் உயர்வை மறுத்தது. அடுத்து, அபூ ஸைத்தோடு எவ்வித உறவும் இல்லாத சில வழக்குரைஞர்கள், அவர் முர்தத், அதாவது மதத்தைக் கைவிட்டவர்; எனவே முஸ்லிம் பெண்ணாகிய அவர் மனைவியை அவரிடமிருந்து பிரிக்கவேண்டும் என்று வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கையாண்ட வழி ‘ஹிஸ்பா’. சமுதாயத்தின் நன்னெறியைக் காக்க எந்த முஸ்லிமும் முறையிடலாம் என்னும் பழைய கோட்பாடு. 1994இல் கீழ்நீதிமன்றம், முறையிட அவர்களுக்கு உரிமை இல்லையென்று தள்ளியது. 1995 ஜூன் 14 அன்று கெய்ரோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, அவரை முர்தத் என்று அறிவித்துத் திருமணத்தை முறித்தது. அதற்கு இரு வாரங்கள் முன்னரே பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவியை வழங்கியிருந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. கொலை அச்சுறுத்தலுக்கு இடையே அவரும், பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியராகிய அவர் மனைவி இப்திஹால் யூனுஸும் நாட்டைவிட்டு நீங்கினர். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் அபூ ஸைத் தம் பணியைத் தொடர்ந்தார். 2010இல் கெய்ரோவில் மறைந்தார்.

இத்தீர்ப்பின் சட்டவழி கருதத்தக்கது. எகிப்தின் தண்டனைச் சட்டத்தில் மதத்தைக் கைவிடுதல் ஒரு குற்றமாக எழுதப்படவில்லை. நீதிமன்றம் நுழைந்த வாயில் குடும்பச் சட்டம். அங்கே எழுத்துச் சட்டத்தின் மௌனம். அம்மௌனத்தை நிரப்பிய 1931ஆம் ஆண்டு விதி. நவீனமாக்கும் நோக்கத்தோடு ஷரீஅத் நீதிமன்றத்தைப் பொது நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்த அரசே அவ்வாயிலை அமைத்திருந்தது. முஹம்மது நூர் காத்த வேறுபாடு இங்கே அழிந்தது. நீதிபதிகள் ஒரு திறனாய்வு நூலைப் படித்து, அதன் விளக்கத்தை மறுத்து, அம்மறுப்பையே ஆசிரியரின் நம்பிக்கைக்கு எதிரான சான்றாகக் கொண்டனர். வாசிப்பில் வேறுபாடு நம்பிக்கைத் துரோகமாயிற்று.

அரசின் எதிர்வினை இக்கட்டுரையின் கருத்துக்கு மிகத் தெளிவான சான்று. 1996ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டம் ஹிஸ்பாவை ஒழிக்கவில்லை. அவ்வழக்கைத் தொடுக்கும் உரிமையைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசு வழக்குரைஞரிடம் தந்தது. பின்னர் மணமுறிவின் நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. முர்தத் என்னும் அறிவிப்போ நின்றது. அந்த அதிகாரம் இருக்கவேண்டுமா என்று அரசு கேட்கவில்லை. யார் கையில் இருக்கவேண்டும் என்றே கேட்டது.

அபூ ஸைத்தின் சிந்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. வாசிப்பின் முறை திருந்தினால் மதச் சொல்லாடலின் அதிகாரம் தளரும் என்று அவர் நம்பினார். அவருக்கு நேர்ந்ததோ, அவ்வதிகாரம் வாசிப்பு முறையில் மட்டுமன்றி, வாசிப்பைத் தீர்ப்பாக்கும் நிறுவனத்திலும் குடிகொண்டுள்ளது என்பதை உணர்த்தியது. பனுவல் பற்றிய கோட்பாட்டோடு நிறுவனம் பற்றிய திறனாய்வும் சேர வேண்டும். அவ்விரண்டாவது பணி அவர் நூல்களில் தொடக்க நிலையிலேயே உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட நூல்களின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது.

முதலாவது, மூலங்களுக்குத் திரும்புதல் அடிப்படைவாதத்தின் தனியுரிமை அன்று. அப்துர் ராஸிக்கும் அபூ ஸைத்தும் மூலங்களை நாடியவர்களே. வேறுபாடு, தம் வாசிப்பை வாசிப்பு என்று ஒப்புக்கொள்வதில் உள்ளது.

இரண்டாவது, எகிப்தில் மதச்சார்பற்ற அரசு தோற்று அடிப்படைவாதம் வென்றது என்பது சரியான விளக்கம் ஆகாது. அரசு மதத்தைக் கைவிட்டதே இல்லை. அதனைத் தன் கருவியாகப் பெருக்கிக்கொண்டது. முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு தேர்தலில் வென்று ஆண்டது 2012–13இல் ஓராண்டு மட்டுமே. அவ்வாட்சியை அகற்றிய அரசின் கீழ், 2014ஆம் ஆண்டு அரசமைப்பும் ஷரீஅத் பற்றிய விதியைப் பேணிற்று. மத இழிவு பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவின்படி, பழைய மார்க்க நூல்களைத் தொலைக்காட்சியில் திறனாய்ந்த இஸ்லாம் அல் புஹைரி 2015இல் சிறைத்தண்டனை பெற்றார். அடிப்படைவாதிகளை ஆட்சியிலிருந்து நீக்கியபின்னும் வாசகர் சிறை செல்ல நேர்ந்தது.

மூன்றாவது, நம் கலைச்சொல் பற்றியது. ஓர் அரசு எம்மதத்தின் பக்கமும் சாயவில்லை என்பதைக் கொண்டு மட்டும் அதனை அளத்தல் போதாது. ஒரு பனுவலைத் தவறாக வாசிக்கும் உரிமை குடிமக்களுக்கு அங்கே உண்டா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளவேண்டும். சரியாக வாசிப்போர்க்கு மட்டும் தரப்படும் உரிமை, எது சரி என்று தீர்மானிப்போரின் உரிமையே ஆகும். 1927இல் ஓர் அரசு வழக்குரைஞர், ஆசிரியரின் வாதம் பிழை என்று கருதிய பின்னும் அவரை விடுவித்தார். எகிப்தின் மதச்சார்பின்மை எட்டிய உயரம் அதுவே என்று சொல்லலாம். அது அரசமைப்பின் எந்தப் பிரிவிலும் எழுதப்படாமையால் எளிதில் இழக்கப்பட்டது. தொன்மையான பனுவல்களின் காலம், பொருள், ஆசிரியர் பற்றி ஓயாது கருத்து வேறுபடும் ஆய்வுலகத்தினராகிய நமக்கு, அவ்விழப்பு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதற்கில்லை.